ஸ்டிக்கர் மாறிப்போச்சுங்க

— ஏனுங்க மாமா, செருப்பப் போடுங்க. ஆசுபத்திரிக்குப் போயி நறுக்குன்னு ஒரு கேள்வி கேட்டாத்தான் எம்மனசு ஆறும்.

— இப்பத்தான வந்தோம், தமிழு. நாலு படி ஏறுனதுக்கே மூச்சு வாங்குது. உக்காரு செத்த.

— எங்கீங்க உக்கார்றது? லேப்ல இருந்து போன் பண்ணுனாங்க. உங்க ரத்தத்துல அந்த மாத்திரை மருந்து துளி கூட இல்லையாம்.

— ம்.

— என்னங்க, ம்? இருதயம் மாத்தி வச்சு ஆறு வருசமாச்சு. காலைல எட்டு, ராத்திரி எட்டு, நான் ஓவர்டைம்ல நின்னாலும் போன் போட்டு முழுங்கியாச்சான்னு கேக்கறனில்ல. அப்பறம் எப்படி இல்லாமப் போகும்? இது வேற ஆளு ரத்தமுங்க.

— லேப்ல மாத்த மாட்டாங்க, புள்ள.

— ஏன் மாத்த மாட்டாங்க? பன்னெண்டு வருசமா செக்கிங்ல நிக்கறேன். எல் சைஸ் பனியன்ல எம் சைஸ் ஸ்டிக்கர ஒட்டி, பெட்டி பெட்டியா திரும்பி வந்ததில்லீங்களா? கட்டிங் மாஸ்டரா இருந்தவிய, நீங்க பாக்காததா?

— பாத்திருக்கறேன்.

— அதேதானுங்க. ரத்தத்துல ஸ்டிக்கர் மாறுச்சுன்னா, கழுத்துக் கட்டியில டெஸ்ட்டுக்குக் கிள்ளியெடுத்த சதையிலயும் மாறியிருக்கும். அந்தக் கேன்சர் ரிப்போர்ட்டும் உங்குளுது இல்லீங்க.

— கழுத்துல கட்டி இருக்குதில்ல. தொட்டுப் பாரு. போன வாரத்த விடப் பெருசு.

— நான் தொட மாட்டேன்.

— டாக்டரு சொன்னத மறந்துட்டியா? மாத்தி வச்ச இருதயத்த ஒடம்பு ஒதுக்கீராமக் காப்பாத்தற மாத்திரைதான் கட்டியையும் வளத்து உட்டுருச்சு. கொறச்சாக் கரஞ்சாலும் கரையும்னாரு.

— கொறச்சா இருதயம் நின்னாலும் நிக்கும்னும் சொன்னாரு. அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. ஏனுங்க, காலு ரெண்டும் ஏன் இப்படி வீங்கிக் கெடக்குது?

— காங்கேயத்து ராசப்பண்ணன் ஞாபகம் இருக்குதா?

— உங்க கூடவே இருதயம் மாத்துனவரு. ஏன்?

— அவுருக்கும் இதே கட்டிதான். மாத்திரையக் கொறச்சாங்க, கரஞ்சு போச்சு. சித்திரையில பாத்தப்பச் சொன்னாரு.

— இத ஏனுங்க மொதல்லயே சொல்லுல? அவுருக்குக் கரஞ்சா உங்குளுக்கும் கரையுமுங்க. டாக்டருகிட்டச் சொல்லி நாளையில இருந்தே கொறச்சுக்கலாம். நான் கூடவே இருக்கறேன், லீவு போட்டுட்டு.

— ஸ்டிக்கர் மாறல, கண்ணு. கட்டி தட்டுப்பட்ட அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். மூணு மாசமாச்சு.