ஆறு அங்குலம்

அண்ணி, முதலில் உட்காருங்கள். அறுந்த பட்டனுக்கு ஜோடி தேடி டப்பாவைத் திறந்தீர்கள், அளவு டேப் துண்டுகள் கிடைத்தன. கிடைத்தபின் மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தம்பி ஓய்வு பெற்ற மறுநாளே என் தையல் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாகத் தைக்கிறேன். அவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனாலும், "அந்த ஓரம் கோணுது பாரு", "நூல் கலர் ஒத்து வரலியே" என்று காலையிலிருந்து வாய் மூடமாட்டார். நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டமே.

பிறகு கைப்பேசியைப் பார்த்து உடற்பயிற்சி ஆரம்பித்தார். தினமும் நாற்பது நிமிடம், பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. முதல் நாள் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

பீரோ கதவில் அட்டவணை ஒட்டினார். ஞாயிறுதோறும் என் பழைய டேப்பால் இடுப்பை அளந்து எழுதுவார். ஆரம்பத்தில் நாற்பது அங்குலம்.

"முப்பத்தாறு வந்ததும் நிறுத்திடுவேன். அப்புறம் பழையபடி உன் பக்கத்துலதான், கவலப்படாத" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே டேப்பின் நுனித் தகட்டைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டிவிட்டு, தகட்டை மறுபடி மாட்டினேன். ஞாயிறன்றும் நாற்பதே வந்தது. வாராவாரம் அவர் அரை அங்குலம் இளைத்தார், நான் அரை அங்குலம் வெட்டினேன். வாடிக்கையாளர்களுக்கு வேறு டேப். தொழிலில் நான் பொய் சொல்வதில்லை.

கண்ணாடியில் தெரியாதா என்கிறீர்கள். கண்ணாடி முன்னால் அவர் என்றைக்கு வயிற்றை உள்ளிழுக்காமல் நின்றிருக்கிறார்? கால்சட்டை மட்டும் காட்டிக்கொடுத்திருக்கும். அவரிடம் இருக்கும் எட்டுக் கால்சட்டைகளையும் வாராவாரம் பிரித்து, இடுப்பைப் பிடித்துத் தைத்தேன்.

உண்மையில் எட்டாவது வாரமே முப்பத்தாறைத் தொட்டுவிட்டார், பாவம். பத்தாவது வாரம் பாயில் உட்கார்ந்து அழுதார்.

"என் ஒடம்பு எனக்கே அடங்க மாட்டேங்குதுடி. நான் எதுக்கும் லாயக்கில்ல."

கண்ணைத் துடைத்துவிட்டேன், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அந்த வாரம் கால் அங்குலம்தான் வெட்டினேன். நானும் மனுஷிதானே. ஆனால் நாற்பதிலிருந்து கொஞ்சம் இறங்கியதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் குதித்தார். அடுத்த வாரம் முக்கால் அங்குலமாக வெட்ட வேண்டியதாயிற்று.

இன்று நீங்கள் வந்ததும், "என்னடா இப்படி எலும்பும் தோலுமா நிக்கற?" என்றீர்கள். "கிண்டல் பண்ணாதக்கா" என்று அவர் தலைகுனிந்து உள்ளே போனார். பாருங்கள், கதவுக்குப் பின்னால் மூச்சுவாங்க எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் சொல்லத்தான் போகிறேன் என்கிறீர்கள். சொல்லுங்கள். நான் வெட்டியது டேப்பை, அவரையல்ல. ஒரு பெண்பிள்ளை தினமும் நாற்பது நிமிடம் யாருடைய யோசனையும் இல்லாமல், தன் இஷ்டத்துக்குத் தைக்க ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

அப்படி என்னதான் தைத்தாய் என்று கேட்கிறீர்கள்.

இருங்கள், யோசிக்கிறேன்.

அவர் பக்கத்தில் இல்லாத நேரம் அது ஒன்றுதானே, அண்ணி. பன்னிரண்டு வாரமும் அவருடைய கால்சட்டைகளைத்தான் தைத்திருக்கிறேன்.