வம்சப் படத்தில் ஒன்பது பெண்கள்

— அழுகாத மூக்காயி. டாக்டரம்மா சீமையிலருந்து காயிதம் போட்ருக்காங்க. அதக் கேக்க வேணாமா?

— அழுகாம என்ன செய்யச் சொல்றீங்க கம்பவுண்டரய்யா? சோலைமலைய ஒங்ககிட்டக் காட்டலாம்னு காலையில பஸ்ஸுல ஏத்தப் போனா, கண்டக்டரு குடிகாரப் பயன்னு கீழ தள்ளி விட்டுட்டான். எம் மவன் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. கையும் காலும் அது பாட்டுக்கு ஆடுது, கழுத்து வெட்டி வெட்டி இழுக்குது. அப்பனுக்கு ஆடுன மாதிரியே. இருபத்தஞ்சு வயசுதான்யா ஆகுது, நாசமாப் போற நோவு.

— ஒம் புருசன் ஆண்டிச்சாமிக்கு நாப்பது வயசுலதான வந்துச்சு?

— நாப்பதுல வந்து, எட்டு வருசம் கெடந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டுல செத்தாரு. மொதல்ல சாமி எறங்கிருச்சுன்னு ஊரே கால்ல விழுந்துச்சு. பொறகு சோத்த வாயில வைக்க முடியாமப் போச்சு, அப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கல. அத விடுங்க, படிங்க.

— அதாவது, இத்தாலியில கூட்டமாம். ஜெர்மனிக்காரன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன், இன்னும் மூணு தேசம். மூளை, நரம்பு நோவு பாக்குற பெரிய பெரிய டாக்டருங்க. அவங்க முன்னால நம்ம டாக்டரம்மா, நீ சொல்லி நான் எழுதி அனுப்புன பேர வச்சு வரைஞ்ச ஒங்க வம்சப் படத்தச் செவுத்துல மாட்டி வச்சுப் பேசுனாங்களாம்.

— அவுகள்லாம் சண்டையில ஒருத்தர் மேல ஒருத்தர் குண்டு போட்டுக்கிட்டவுகதான?

— அவங்களேதான். இப்ப ஒரே மேசையில ஒக்காந்து ஒம் புருசன் நோவப் பேசுறாங்க.

— ஆத்தாடி! சேவுகம்பட்டிய விட்டா அந்த மனுசனுக்குத் திண்டுக்கல்தான் தூரம். அதுவும் இந்த ஆஸ்பத்திரிக்குத்தேன்.

— இதக் கேளு தாயி. ‘எங்க தேசங்கள்ல இந்த நோவு ஆணுக்கும் வருது, பொண்ணுக்கும் வருது. இந்தக் குடும்பத்துல மட்டும் ஏழு ஆம்பளைக்கு வந்துருக்கு, ஒம்பது பொம்பளையில ஒருத்திக்கும் வரல’ன்னு எல்லாரும் அசந்து போயிட்டாங்களாம். ஆறு தேசமும் சேந்து அவங்கவங்க சர்க்காருக்கு எழுதப் போறாங்களாம், இப்படிப்பட்ட குடும்பத்துப் பொண்ணுகளுக்கு என்ன யோசனை சொல்லணும்னு.

— எனக்கு அது ஒண்ணு போதும்யா. போன காயிதத்துலயும் பொண்ணுக்கு வராதுன்னுதான படிச்சுச் சொன்னீங்க? அதக் கேட்டுத்தேன் எம் மக பேச்சாயி தாலிக்குக் கழுத்த நீட்டுனா. அதுவரைக்கும், ‘அப்பா மாதிரி ஒரு புள்ளயப் பெத்து, அது ஆடுறதையும் நாம் பாக்கணுமா, எனக்குக் கல்யாணமே வேணாம்’னு ஒத்தக் கால்ல நின்னா. மவன் போனாலும் மக தப்பிச்சுக்கிட்டா.

— ஆண்டவரு அவளையாவது விட்டு வச்சாரு. கடைசியில ஒரு விவரம் கேட்டுருக்காங்க. ஒம்பது பொம்பளைக்கும் அப்பா யாரு யாருன்னு படத்துல கோடு போட்டு அனுப்பணுமாம். நான் அன்னைக்குப் பேர மட்டும் எழுதி அனுப்பிட்டேன். சொல்லு, மொதல்ல மாயக்காள்.

— மாயக்கா எம் மாமியா. அவுக அப்பன் சிறுமலையில வாழத்தோட்டம் வச்சிருந்தாரு. பேரு தெரியலயே.

— சிறுமலையா? ஒங்க வம்சம் சேவுகம்பட்டியில்ல?

— வம்சம் சேவுகம்பட்டிதேன். அவுக வாக்கப்பட்டு வந்தவுக.

— சரி, சின்னக்கண்ணு?

— கொழுந்தன் பொஞ்சாதி. செம்பட்டிக்காரி.

— மூணாவது மூக்காயின்னு இருக்கு. இது நீயா?

— நாந்தேன். பின்ன யாரு?

— மிச்ச ஆறு பேரு?

— எல்லாரும் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து வெளக்கேத்துனவுகதேன். ஏன்யா மூஞ்சி இப்படிப் போகுது? தண்ணி தரவா?

— வந்தவங்களுக்கு எப்படி தாயி வரும்? இந்த வீட்டு ரத்தத்துல பொறந்த பொண்ணுங்கள்ல சொல்லியிருக்கணும்!

— எங்க கொலசாமிக்குப் பொங்க வைக்கிறப்ப யாரு நிப்பாகளோ, அவுகளச் சொன்னேன். கட்டிக் குடுத்தவளும் சரி, கட்டிக் குடுக்கப் போறவளும் சரி, வேற சாமி கும்புடுறவ, வேற வீடு. அவள எதுக்கு எங்க வம்சத்துல சேக்கப் போறேன்?

— ஒம் மேல தப்பில்ல. எங்க வீட்லயும் கட்டிக் குடுத்த அக்காவச் சேத்துச் சொல்ல மாட்டோம். மிக்கேல்ராஜ் கம்பவுண்டருன்னு நான் இத்தன வருசம் ஆஸ்பத்திரியில இருந்து என்ன பிரயோஜனம்? நாந்தான் தோண்டிக் கேட்டுருக்கணும். பேச்சாயியத் தவுர ஒங்க வீட்ல பொறந்து வெளிய போன பொண்ணு யாரு?

— ஒச்சம்மா ஒருத்திதேன். எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. மத்ததெல்லாம் அம்மையிலயும் காச்சல்லயும் சிறுசுலயே போயிருச்சுக.

— ஒச்சம்மா இருக்காளா?

— இல்ல. கெணத்துல விழுந்துட்டா.

— எதுக்கு?

— அவள நிலக்கோட்டையில பூ யாவாரம் பண்ற வீட்டுல குடுத்துருந்துச்சு. ஒருநா கையில பூ நிக்கல. கட்டக் கட்டச் செதறுது. பொறகு நடந்தா காலு பின்னுச்சு. தலைய ஆட்டிக்கிட்டே இருந்தா. வேப்பங்கொழையால அடிச்சுக்கூடப் பாத்தாக.

— அப்பவும் ஒங்க யாருக்கும் தோணலையா?

— எங்க ஊருல ஆம்பளை ஆடுனா சாமி, பொம்பளை ஆடுனா பேயி. அந்த வீட்டுப் பேயி புடிச்சிருச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம்.

— அது பேயில்ல மூக்காயி.

— சொல்லாதீங்க.

— பொண்ணுக்கும் வரும்.

— அப்ப ஆறு தேசத்து டாக்டரும் சொன்னது பொய்யா?

— நாம சொன்னதத்தான் அவங்க திருப்பிச் சொல்லியிருக்காங்க. அம்புட்டுத் தூரத்துக்குப் பொய்ய ஏரோப்ளேன்ல ஏத்தி அனுப்புனது நீயும் நானும்.

— எம் பேச்சாயி?

— வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. அண்ணனுக்கு வந்துருச்சு, இவளுக்கு வராதுன்னு சொல்றதுக்கில்ல. பதறாத, மாப்பிள்ள வேற ரத்தந்தான? ட்யூட்டியில என்னால கல்யாணத்துக்கும் வர முடியல. எந்த ஊருல குடுத்த?

— நிலக்கோட்டை.

— நிலக்கோட்டையில யாருக்கு?

— ஒச்சம்மா மவன் பொம்மையனுக்கு. மொற மாப்பிள்ள. அவ வேற வீட்டுக்காரின்னுதான்யா பொண்ணே குடுத்தேன்!

— ஆண்டவரே! அவனுக்கு ஆத்தா வழி, இவளுக்கு அப்பன் வழி, ரெண்டு பக்கமும் அதே ரத்தம். இந்தா பாரு, இப்பவே போயி ரெண்டு பேத்தையும் கூட்டிட்டு வா. புள்ள பெத்துக்காம இருக்க வழி இருக்கு, நர்சம்மா சொல்லித் தருவாங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போயிறல.

— அவ மூணு மாசமா முழுகாம இருக்காய்யா.