ஹானர்ஸ் புத்தகத்தில் ஆறாவது கையெழுத்து

எங்கள் கல்லூரியில் உருப்படியாகச் சுற்றுகிற மின்விசிறி ஒன்றே ஒன்றுதான் சார். அது பிரின்ஸிபால் அறையில் இல்லை, மாடியில் ஹானர்ஸ் வகுப்பில் இருக்கிறது. ஹானர்ஸுக்கு இங்கே என்ன மரியாதை என்று இதிலிருந்தே நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

நான் படித்தது மெட்ரிக்குலேஷன் வரைக்கும்தான். ஆனாலும் ஹானர்ஸைப் பற்றி என்னைப் போல எடுத்துச் சொல்ல இந்தக் கட்டடத்தில் வேறு ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஹெட் கிளார்க் சாம்பசிவனிடம் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதுகிறார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். மற்ற வகுப்பில் தொண்ணூறு பேர் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். ஹானர்ஸில் ஆறே பேர், வட்ட மேஜை, ஏழாவதாகப் புரபசர். மற்றவர்களுக்கு லைப்ரரியில் இரண்டு புத்தகம், அதுவும் ஜன்னல் வழியாக. ஹானர்ஸ் பிள்ளைகள் உள்ளே போய் அலமாரிகளுக்கு நடுவில் நின்று படிக்கலாம், எட்டுப் புத்தகம் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். சனிக்கிழமை சாயங்காலம் புரபசர் வீட்டில் காப்பி, வடை, கணக்கு. மூன்று வருஷத்துக்கு நடுவில் பரீட்சையே கிடையாது. முடிவில் ஒரே மூச்சாக எட்டுத் தாள். தேறிவிட்டால் கொஞ்ச நாளில் எம்.ஏ. பட்டமும் தானாக வந்து சேரும், அதற்குத் தனிப் பரீட்சை வேண்டாம். தவறினால் தவறியதுதான், மறுபடி எழுத முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வது வழக்கம். எலிசாளுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு, மேட மாதம், அதாவது சித்திரையில், அவள் வந்தாள். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஏதோ ஒரு கிறிஸ்தவ சபையில் உபதேசியாராக இருக்கும் சற்குணத்தின் மகள். இன்டர்மீடியட்டில் கணக்கில் முதல் மார்க். ஒல்லியான பெண், மையால் கறுத்த விரல். அப்பா குடையை மடக்கி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அவள்தான் பேசினாள்.

"சார், இந்த ஆனர்ஸுண்ணா என்னதாக்கும்? எங்க பக்கத்துல ஆருக்கும் அறியாது. காலேஜுல டீச்சரம்மா எழுதிப் போடுண்ணு சொன்னாவ."

நான் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லைப்ரரிக்கு உள்ளேயே போகலாம் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நகைக்கடைக்குள் விட்ட மாதிரி இருந்தது. வட்ட மேஜை, சனிக்கிழமை வடை எதுவும் அவள் காதில் விழவில்லை. "எட்டு புக்கும் ஒண்ணா எடுக்கலாமா சார்?" என்று இரண்டு முறை கேட்டாள். என் பேனாவையே கொடுத்தேன், என் மேஜையிலேயே விண்ணப்பம் எழுதினாள். எனக்கு அவளிடம் ஒரு விரோதமும் கிடையாது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஹானர்ஸுக்குப் பெயர் எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவதில்லை. ஒரு வருஷம் ஒட்டி, இடம் கிடைக்காத பிள்ளையின் தகப்பனார் ஒருவர் அரை நாள் போர்டுக்கு முன்னால் நின்று புரபசரின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டார். அன்றிலிருந்து கார்டுதான். புரபசர் பட்டியல் எழுதி என்னிடம் தருவார். தேர்ந்த ஆறு பேருக்கும் நான் அஞ்சலில் கார்டு போடுவேன். கல்லூரி திறக்கும் நாளில் நாலு மணி அடிப்பதற்குள் மாடிக்கு வந்து ஹானர்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர் இடம் ஏழாவது பெயருக்குப் போகும். பட்டியலைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், புரபசரும் நானும்.

அந்த வருஷப் பட்டியலில் முதல் பெயர் எலிசாள். ஏழாவது பெயர் ராமசுப்ரமணியன். ஆமாம் சார், என் மகன்தான். அதை நான் மறைக்கவில்லை, ஆனால் அதை வைத்து நீங்கள் அவசரப்பட்டு எதுவும் எழுதிவிட வேண்டாம்.

நான் யோசித்தது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். ஐந்து ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பெண். கேலி செய்வார்கள், நாற்காலியில் மையைக் கொட்டுவார்கள். மூன்று வருஷம் ஊரைவிட்டு இருக்க வேண்டும். முடிவில் அந்த எட்டுத் தாள், ஒரே தடவை. தவறிவிட்டால் அந்த உபதேசியார் எந்த முகத்தோடு சபையில் நிற்பார்? இதையெல்லாம் புரபசர் யோசிக்க மாட்டார். அவருக்கு மார்க் போதும். பெற்ற தகப்பன் மாதிரி யோசிக்க ஓர் ஆள் வேண்டாமா? ஆகவே ஐந்து கார்டுகளை அஞ்சலில் போட்டேன். ஒன்றை என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். கிழிக்கவில்லை. ஆபீஸ் காகிதத்தைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கல்லூரி திறந்த திங்கட்கிழமை, இடவப்பாதி மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பாவும் மகளுமாகச் சொட்டச் சொட்ட வந்து நிற்கிறார்கள்.

"கார்டு ஒண்ணும் வரல்ல சார். நேருல கேட்டுட்டு போலாம்ணு வந்தோம்."

நான் கலங்கவில்லை. "உக்காருங்கோ, முதல்லே தலையைத் துவட்டிக்கோம்மா," என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னேன். "இந்த வருஷம் போட்டி ஜாஸ்தியா போயிடுத்து. நாலே நாலு மார்க்குலே நழுவிடுத்து, கொழந்தே."

அவள் அழவில்லை. "புரபசர் சார ஒருக்கா கண்டுட்டு போலாமா?" என்று கேட்டாள்.

"அவர் இன்னிக்கு வரல்லியே," என்றேன். அப்போது எங்கள் தலைக்கு மேலே அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மரத்தளம் பாருங்கள், எல்லாம் கேட்கும்.

இவர்களை அப்படியே அனுப்பியிருக்கலாம் என்று தோன்றும். அது ஆபத்து. வாசலில் எந்த வாத்தியாராவது பார்த்து விசாரித்தால் என்ன ஆவது? "இங்கே ஒழுகறது, உள்ளே வாங்கோ," என்று ரிக்கார்டு அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். பழவங்காடிக் கடைக்கு ஆள் அனுப்பி ஏத்தம்பழ அப்பமும் காப்பியும் வாங்கிக் கொடுத்தேன். உபதேசியார் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிட்டார். என் பெயரும் அந்த ஜெபத்தில் வந்தது.

மூன்று மணிக்கு பியூன் வேலாயுதன் மாடியிலிருந்து வந்தான். "சாமி, அந்தப் பெண்குட்டி வந்தாச்சாண்ணு புரபசர் கேக்கியாரு." இல்லை என்றேன். மூன்றரைக்கு மறுபடி வந்தான். அப்போதும் இல்லை என்றேன். மூன்றே முக்காலுக்குப் புரபசரே படியில் பாதி இறங்கி நின்று எட்டிப் பார்த்தார். "மழையாலே பஸ் நின்னிருக்கும், இல்லையா சாம்பசிவம்?" என்று கேட்டார். ரிக்கார்டு அறைக் கதவு அவருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. "குழித்துறை பஸ் ஒரு மணிக்கே வந்துடுத்தே சார்," என்றேன் நான். அது உண்மை. அதில்தான் அவர்கள் வந்தார்கள்.

கதவுக்கு உள்ளே அவள் பழைய வினாத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்துவைத்து, பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பொழுது போக வேண்டாமா? நான்தான் அந்தக் கட்டை எடுத்துக் கொடுத்தேன்.

நாலு மணி அடித்தது. என் மகன் தற்செயலாக லைப்ரரியில்தான் இருந்தான், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து. சலவைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். நாலு ஐந்துக்கு ஹானர்ஸ் புத்தகத்தில் ஆறாவது கையெழுத்து விழுந்தது. மழையும் விட்டது. நானே பஸ் வரைக்கும் போய் அப்பாவையும் மகளையும் ஏற்றிவிட்டு வந்தேன்.

புரபசருக்கு அன்று மகா கோபம். "முதல் இடம் கொடுத்தும் வரல்லே பார்," என்றார். அதன் பிறகு இந்த ஐந்து வருஷமாக ஒரு பெண்ணின் பெயரையும் அவர் பட்டியலில் எழுதவில்லை. இடம் வீணாகும் என்கிறார். அது அவருடைய தீர்மானம், அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

மறுவருஷம் எலிசாள் எனக்குக் கடிதம் எழுதினாள். இன்னொரு தடவை விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தாள். ஒருமுறை நழுவியவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி இருப்பதாகப் பதில் போட்டேன். அப்படி ஒரு விதி இல்லைதான். இப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி வரும். அவ்வளவு நன்றி உள்ள பெண்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். போன மாதம் நான் ராமேஸ்வரம் போயிருந்த பத்து நாளும் என் இடத்தில் குற்றாலலிங்கம் உட்கார்ந்தார். இழுப்பறையில் கார்டைப் பார்த்தார், உடனே பிரின்ஸிபாலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், அதன் பேரில்தான் நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். நல்ல மனிதர்தான், கொஞ்சம் அவசரக்காரர்.

ராமசுப்ரமணியனா? மூன்றாம் வகுப்பில் தேறினான் சார். இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். அந்த எட்டுப் புத்தகத்தில் ஒன்றைக்கூட வீட்டில் பிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். எலிசாள் பரீட்சையில் தவறுவாள் என்று நான் நம்பினேனா? நம்பவில்லை. அன்று அவர்கள் போன பிறகு அந்தப் பழைய வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். அது ஹானர்ஸ் கடைசி வருஷத் தாள். எட்டுக் கேள்வியில் ஐந்தை முடித்துவைத்திருந்தாள். புரபசர் கையெழுத்தில் விடைகள் என்னிடம் உண்டு. ஒத்துப் பார்த்தேன், ஐந்தும் சரியாக இருந்தன. அந்தத் தாளை மட்டும் அடுப்பில் போட்டேன். கிழிப்பதில்லை என்றுதானே சொன்னேன்.

நேற்று நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்டு அவள் வந்திருந்தாள் அல்லவா? உங்கள் அறைக்குள் வருவதற்கு முன்னால் வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டாள். என் மேல் என்னமோ வீண்பழி என்று நினைத்துக்கொண்டு எனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள், பாவம். "சாரப் போல ஒரு நல்ல மனுசர நான் கண்டதில்லண்ணு சொல்லுவேன்," என்றாள். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"சார், அண்ணு எனக்கு எடம் கெடச்சிருந்தா, நான் ஜெயிச்சிருப்பேனா? அஞ்சு வருசமா இதே நெனவு. ராத்திரி ஒறக்கம் வராது."

"இல்லேம்மா," என்றேன். "நீ தோத்துதான் போயிருப்பே."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார் சொன்னா செரியாத்தான் இருக்கும்," என்று சிரித்தாள். ஐந்து வருஷத்தில் அந்தப் பெண் முகத்தில் முதல் முதலாக ஒரு நிம்மதி வந்தது சார். அதைக் கொடுத்தவனும் நான்தான் என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.