மூடி போட்டதும் ஊமையான பெட்டி

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் விசைப்படகு உரிமையாளர் அண்ணன் ஜெகதீசன் அவர்களே, வலையைப் பாதியில் போட்டுவிட்டுக் காசிமேட்டிலிருந்து ஓடிவந்திருக்கும் உறவுகளே, எங்கள் இன்னிசைக் குழுவின் தோழர்களே!

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் அக்கா மகள் ரேகாவை லோகநாதனுக்குக் கட்டிக்கொடுத்த பந்தலிலேயே சொன்னேன்: "இந்த மாப்பிள்ளைக்காக ஒருநாள் திருவொற்றியூரே திரண்டு வரும், பாத்துக்கினே இருங்க." வந்ததா, இல்லையா? ஆனால் இவ்வளவு சீக்கிரம், அதுவும் மாலை போட்ட படத்துக்கு முன்னால் வரும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் என் ஜோசியம் தோற்றுவிட்டது.

ஒலிச்சிற்பி லோகநாதன்! அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? நான்தான். பகலில் படகு இன்ஜின் மெக்கானிக், மாலையில் கிதார். காலால் மிதித்தால் கிதாரின் குரலையே மாற்றும் பெட்டி இருக்கிறதே, அதைக் கடையில் வாங்க மாட்டார், தாமே செய்வார். அவர் பெட்டியை மிதித்து வாசித்தால் எண்ணூரில் நிற்கும் கப்பல் பதிலுக்கு ஹாரன் அடிக்கும். நானே கேட்டிருக்கிறேன்!

அவர் கடைசியாகச் செய்த பெட்டி ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்கு இரண்டு விதமான கரண்ட் வேண்டும். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ் ஒன்பது வோல்ட், மறுபக்கம் மைனஸ் ஒன்பது. அந்த ஒன்பதை அளந்து கொடுக்கப் பக்கத்துக்கு ஒரு கருப்பு ஐசி. இரண்டும் இருந்தால்தான் சத்தம் முழுசாக வரும். திறந்து வைத்தால் பாடியது. மூடியை முடுக்கினால் கரகரத்து அடங்கியது. டிரான்ஸ்பார்மர் தோசைக்கல்லாய்ச் சுட்டது. திறந்தால் பாட்டு, மூடினால் ஊமை! எப்படி இருந்திருக்கும் அந்த மனுஷனுக்கு? "நாளைக்குப் பாடும்" என்று ரேகாவிடம் தினமும் சொல்லிக்கொண்டே, ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கடைசியாக என்ன சொன்னார் தெரியுமா? "மாமா, அந்தப் பொட்டிய நீதான் பாட வைக்கணும்."

காரியம் முடிந்ததும் ரேகா பெட்டியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். "படம் தொறக்குற அன்னிக்கு இது பாடணும் மாமா. இல்லாங்காட்டி கடல்ல போட்டுருவேன். ஊமையா இத்த வூட்ல வச்சினு என்னால இருக்க முடியாது."

நான் விட்டேனா? உப்புக்காற்று என்றேன். டிரான்ஸ்பார்மரை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள், புதுசும் சுட்டது.

"மாமு, நீ கொஞ்சம் அப்பால போய் குந்து" என்றாள் எங்கள் குழுவின் இரண்டாவது கிதார், தண்டையார்பேட்டை உமைமா.

"நான் இன்னா சும்மாவா கீறேன்? யோசிச்சினு கீறேன்!"

"அத்த அங்க குந்தி யோசி."

மூடியை முடுக்கி, வெளியே இழுத்த ஒயர்களில் உமைமா மீட்டர் வைத்தாள். பிளஸ் இருந்தது. மைனஸ் பூஜ்யம். அப்போது ரேகா கேட்டாள்: "மூடும்போது அந்த ரெண்டு கருப்பு ஐசியையும் எதுக்கு மூடி ஸ்க்ரூவுலயே சேத்து முடுக்குனாரு?"

எதற்கா? அவர் படகு மெக்கானிக்! படகில் முடுக்காத பொருள் ஆடியே கழன்றுபோகும். எதைப் பார்த்தாலும் இரும்போடு இரும்பாக இறுக்குகிற கை அது. அங்கே இன்ஜின் உடம்பே எர்த், அதாவது பூஜ்யம். எதை முடுக்கினாலும் குற்றமில்லை. இங்கேயும் பெட்டியின் உடம்பு பூஜ்யம்தான். பிளஸ் ஐசியின் முதுகுத்தகடு பூஜ்யத்தோடு சேர்ந்தது, பெட்டியைத் தொடலாம். மைனஸ் ஐசியின் முதுகிலோ கரண்டே இருக்கிறது. பெட்டியைத் தொட்டதும் ஷார்ட்!

"யக்கா, கரெக்டா புட்ச்சிட்டே!" என்று குதித்தாள் உமைமா. ஓட்டை கரண்ட் இஸ்திரிப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த, கரண்டை விடாத மைக்கா தகட்டை ரேகாவே கத்தரித்து அந்த ஐசிக்கும் மூடிக்கும் நடுவே வைத்தாள். ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷர். முடுக்கினார்கள். சுடவில்லை. மீட்டரில் மைனஸ் ஒன்பது! பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரேகா அழுதாள். நான் அழவில்லை, ஒயரைப் பற்றவைத்த ஈயப்புகை கண்ணில் பட்டது.

ஆனால் கிதாரை இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை. "மொத சத்தம் அவரு படத்துக்கு முன்னாலதான்" என்று ரேகா சொல்லிவிட்டாள்.

பெரியோர்களே! இந்தக் குழு கலையாது. இனி பெட்டியை ரேகா செய்வாள், உமைமா மிதிப்பாள், நான் டார்ச் பிடிப்பேன். இது உறுதி!

ரேகா முறைக்கிறாள். சரி, சொல்லிவிடுகிறேன். கடைசி வார்த்தை என்று சொன்னேனே, அது நானாகச் சேர்த்தது. கையைப் பிடித்தது நிஜம். சொன்னது வேறு: "மாமா, உன் கால்ல வுழறேன், அந்தப் பொட்டிய மட்டும் நீ தொடாத."

தொடவே இல்லை மாப்ளே. இதோ, தள்ளியே நிற்கிறேன்.

உமைமா, மிதிம்மா!