உள்பக்கம் கடைந்த சக்கரம்

இந்த மேசையை யாராவது ஒரு ஈரத்துணி போட்டுத் துடைத்தால் நன்றாக இருக்கும். குறை சொல்லவில்லை அம்மா. போலீஸ் ஸ்டேஷன் என்றால் நாலு பேர் வந்து போகிற இடம், அப்படித்தான் இருக்கும். டீ டம்ளர் வட்டத்துக்கு மேல் இன்னொரு வட்டம், அதற்கு மேல் யாரோ பொரித்த மாவு உருண்டை தின்ற எண்ணெய்க் கை. முழங்கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சரி, கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

என் பெயர் மொலெஃபி. இதே கட்லெஹோங் ஊரில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் பட்டறைத் தரையில் களியைக் கொட்டித் தின்னலாம் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். வீடும் அப்படித்தான். சிவப்பு பாலிஷ் போட்ட தரை. மனைவி இருந்தவரை அவள் தேய்த்தாள், அவள் போன பிறகு நான் முழங்காலிட்டு, முகம் தெரிகிறவரை தேய்க்கிறேன். என்னோடு இருந்தது மகள் டினேயோ ஒருத்திதான்.

ரயில் பாதை ஓரத்து மைதானம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாரக் கடைசியானால் பழைய பெட்டி மாடல் கார்களைக் கொண்டுவந்து நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்ற விடுகிறார்கள். டயர் எரிகிறது. அந்தப் புகை என் வீட்டுக் கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டையில் வந்து படிகிறது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். குடல்கறியைத் தட்டில் போட்டால் அதிலும் ரப்பர் நாற்றம். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து இதை முகர்கிறார்களே, இவர்கள் எல்லாம் என்ன ஜென்மங்கள் என்று எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

என் மகள் அங்கே வேடிக்கை பார்க்கப் போகிறவள் இல்லை, ஓட்டுகிறவள். கார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து குதித்து, கூடவே ஓடி, திரும்ப ஏறுவாள். ஆம்பளைகள் விசிலடிப்பார்கள். செருப்பு போடமாட்டாள், வெறுங்காலில்தான் பெடல் பிடிபடுகிறதாம். அந்தக் காலோடு வீட்டுக்குள் வருவாள். வாசலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை, ஃப்ரிட்ஜிலிருந்து அவள் அறை வரை, கரிப் பாதம். ரப்பர் கரி தரையில் ஒட்டிவிட்டால் தண்ணீருக்குப் போகாது அம்மா, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

"ஏம்மா, வாசல்ல தண்ணி வெச்சிருக்கேனே, கண்ணுல படலையா?"

"மறந்துட்டேம்ப்பா. என்ன, தரைக்கு வலிக்குதா? நீங்க தேய்க்கிற தேய்ப்புக்கு, அடுத்த வருஷம் நாம பள்ளத்துலதான் குடியிருக்கணும்."

அப்படித்தான் பேசுவாள். வாய் ஓயாது. வாயில் களியை வைத்துக்கொண்டே பேசுவாள், ரேடியோக்காரனுக்கு இங்கிருந்தே பதில் சொல்லுவாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் சாயங்காலம் அவள் காலை நான்தான் கழுவிவிடுவேன், விரல் இடுக்கெல்லாம் விட்டு. அந்தப் பாதம் என் உள்ளங்கைக்குள் அடங்கும். அவ்வளவு சுத்தமான பாதத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கார் அவளுடையதுதான். என் வயதில் பாதி இருக்கும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். மிதித்தால் யோசித்து யோசித்துத்தான் வேகம் எடுக்கும். அவளும் மெக்கானிக் சபேலோவும் கையில் காசில்லாதவர்கள் செய்கிறதையெல்லாம் செய்தார்கள். எஞ்சின் இழுத்துச் சுற்றுகிற விசிறியைக் கழற்றிவிட்டு, காயலான் கடையில் கிடந்த மின்விசிறியை வைத்தார்கள். காற்று போகிற வழியிலிருந்த கசடைச் சுரண்டினார்கள். சைலன்சரை அறுத்து நேர்க்குழாய் போட்டார்கள். எனக்குத் தூக்கம் போனது. அவளுக்கு அதுவும் போதவில்லை.

அப்போதுதான் துலானி செத்தான். அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவன். அவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கார் சுற்றுகிற ஒருவன் செத்தால் அடக்கம் முடிந்ததும் அவன் வீட்டு வாசலில் காரை அலறவிட்டுச் சுற்ற வேண்டும், அதுதான் மரியாதை. அவளும் சபேலோவும் ஃப்ளைவீலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். எஞ்சினுக்குப் பின்னால் சுழல்கிற வார்ப்பிரும்புச் சக்கரம் அது. கனம் குறைந்தால் எஞ்சின் சட்டென்று ஏறும். அதற்கு என்று லேசான எஃகுச் சக்கரம் விற்கிறது, அதன் விலை இவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

"லேத்துல வெச்சு உடம்பைக் குறைச்சுக் குடுங்கப்பா. துலானிக்காக. காலை வெச்சதும் கத்தணும்."

சபேலோ பொரித்த மாவு உருண்டை தின்றுகொண்டே என் லேத்தில் சாய்ந்தான். எண்ணெய் சொட்டியது. "மாமா, உங்க பொண்ணு சுத்தினா நாங்கள்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, கையை என் கதவு நிலையில் துடைத்தான்.

"வேற எவங்கிட்டயாவது குடுக்கச் சொன்னான்ப்பா இவன்" என்றாள் டினேயோ. "எங்கப்பா கை பட்டாத்தான் நான் உக்காருவேன்னுட்டேன்."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. முகத்தில் கரி, நகக்கண்ணெல்லாம் கிரீஸ், அதோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். சட்டையை அப்புறம் ஊறப்போட்டேன்.

வேலை இதுதான். சக்கரத்தின் வெளி ஓரத்தில் கனத்தைக் குறைக்கலாம், நடுவில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தொடக்கூடாது, சக்கரத்தின் பலமே அங்கேதான். நான் ஓரத்தில் கொஞ்சம் எடுத்தேன், பார்வைக்கு. பிறகு திருப்பி வைத்து, எஞ்சினைப் பார்க்கிற பக்கத்தில், நடுவைச் சுற்றி ஆழமாக ஒரு வெட்டுக் கொடுத்தேன். மாட்டிய பிறகு அந்தப் பக்கம் வெளியே தெரியாது. மாட்டும்போது தெரியும், ஆனால் மாட்டுகிறவள் அவள்தான், என் வேலையை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. கொஞ்சம் முன்னால், கை தவறியிருக்கும் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. என் கை தவறாது அம்மா. எழுதினால் சரியாக எழுதுங்கள்.

துலானி வீட்டுக்கு நானும் போனேன். இடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் வைத்த பேசினில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் இல்லையா, அந்த வரிசையில் நின்றேன். அத்தனை பேர் கையும் முங்கி எழுந்த தண்ணீர். மேலே மண்ணும் எண்ணெயும் மிதந்தது. தெருமுனையில் டினேயோ காரைக் கிளப்பினாள். கால் வைத்ததும் ஏறியது, ஒரு திணறல் இல்லை. வேலை நன்றாக வந்திருந்தது. கூட்டம் ஓலமிட்டது. அவள் விடாமல் மிதித்தாள். அப்புறம் பெரிய இரும்புச் சட்டியைக் கல்லில் போட்டு உடைத்த மாதிரி ஒரு சத்தம்.

எல்லாரும் ஓடினார்கள். என் முறை வந்திருந்தது. அந்தத் தண்ணீரில் கையை வைக்க அருவருப்பாக இருந்ததால், பக்கத்துக் குழாயைத் திறந்து, சோப்பு கேட்டு வாங்கி, கழுவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனேன். அதற்குள் அவளை இறக்கித் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

"அப்பா, கால் ஜில்லுனு இருக்குப்பா. என்னன்னு பாருங்கப்பா."

பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. இடது காலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

நான் அவளைக் கொல்ல நினைத்ததாக எழுதிவிடாதீர்கள். அந்தச் சக்கரம் இருக்கிற இடம் ஓட்டுகிறவர் பாதத்துக்கு நேர். உடைந்தால் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு அங்கேதான் வரும், தலைக்கு வராது. அதையெல்லாம் யோசித்துத்தான் கடைந்தேன். பக்கத்து சீட்டில் யாரையும் ஏற்றாதே என்றுகூடச் சொல்லி அனுப்பினேன். ஒரு தகப்பன் செய்கிற ஜாக்கிரதைதான்.

ஆஸ்பத்திரிக்கு சபேலோ துண்டுகளைப் பொறுக்கி, சட்டையில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். அவள்தான் கேட்டிருக்கிறாள். போர்வை மேல் உடைந்த தட்டு மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். உள்பக்கத்து வெட்டில் கட்டைவிரலை வைத்து, வட்டமாக, மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாமா, இது என்ன மாமா?" என்று சபேலோ அழுதான். மூக்கு ஒழுகிப் போர்வையில் விழுந்தது. நான் கைக்குட்டையைக் கொடுத்தேன், வாங்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

இதை முடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போக வேண்டும் அம்மா. அவள் இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள், எப்போது வேண்டுமானாலும் வருவாள். வாசல்படியை இடித்துச் சாய்வாகப் பூசிவிட்டேன். கதவு நிலையை அகலமாக்கியாயிற்று. சக்கர நாற்காலியும் வாங்கி வைத்திருக்கிறேன், தேடிப் பிடித்து, தரையில் தடம் விழாத சாம்பல் ரப்பர் போட்டதாக. தரை பாலிஷ் போட்டது போட்டபடியே இருக்கிறது. வந்தால் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

நேற்று போன் செய்தேன். சித்திக்காரி அவள் காதில் வைத்திருக்கிறாள். நான் பேசினேன், அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டினேயோ சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாத பிள்ளை.