பாலத்துக்கு முன்னால் நின்ற கம்ப்யூட்டர்

அவையை ஆளும் தலைவராய் அகன்ற நாற்காலியில் அமர்ந்து, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்ட அண்ணன் வெங்கடாசலம் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மன்றத்தின் மூத்தோர்களே, பிள்ளைகள் எந்நேரமும் டிவி முன்னால் கிடக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே பின்னால் நின்று ஆட்டம் பார்க்கும் தாய்மார்களே, வாழப்பாடியிலிருந்தும் மேச்சேரியிலிருந்தும் வண்டி பிடித்து வந்திருக்கும் வாலிபத் தோழர்களே, உங்கள் அனைவரையும் இந்தப் பூபதி இருகரம் குவித்து வணங்குகிறேன்.

ஏனுங்க, கடைசி வரிசைக்குக் கேக்குதுங்களா? சரி. நடுவுல மைக் நின்னா கை தூக்குங்க. நிக்கும்னு எனக்கொரு சந்தேகம் இருக்குது.

சந்தேகம் என் பிறவிக்குணம். பால்காரர் சிரித்தால் செம்பை எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனைத் தீர்மானத்தின் மேல் பேச அழைத்தது உங்கள் தவறு, என் தவறல்ல.

நம் புதுச்சத்திரத்துத் திரைவிளையாட்டு மன்றம் ஆண்டுதோறும் செய்வது என்ன? புதிதாய் வந்த ஒரு விளையாட்டை எடுக்கிறோம். டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டிகளில் எதில் சீராக ஓடுகிறது, எதில் திக்கித் திணறுகிறது என்று பார்த்துப் பலகையில் எழுதுகிறோம். அந்தப் பலகையை நம்பித்தான் சுற்று வட்டாரமே வாங்குகிறது. இந்த ஆண்டு அதே பலகையில் கம்ப்யூட்டரையும் ஏற்றி முதலிடம் தர வேண்டும் என்பது தீர்மானம். முன்மொழிந்தவர் யார்? நம் தலைவர். தலைவர் விற்பது என்ன? கம்ப்யூட்டர். நான் எதுவும் சொல்லலீங்க, அவர் கடைப் பலகையே சொல்லுது.

சிரிக்காதீங்க, விஷயத்துக்கு வாரேன்.

போன மாதம் வாழப்பாடியில் தலைவர் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். இரண்டு கன்சோல், ஒரு கம்ப்யூட்டர், மூன்றிலும் ஒரே மலைவேட்டை விளையாட்டு. கம்ப்யூட்டரில் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. மண்டபமே கைதட்டியது. நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? சாயங்கால வெயிலில் நடக்கிறான் வேட்டைக்காரன், அவன் காலடியில் நிழலைக் காணோம். மரம் இருக்கிறது, மரத்துக்கும் நிழலில்லை. புல் இருந்த இடத்தில் வெறும் பச்சைத் தரை.

கம்ப்யூட்டரில் இது ஒரு வசதி. நிழல் வேண்டாம், புல் வேண்டாம் என்று ஒவ்வொன்றாய்க் கழற்றிவிடலாம். கழற்றக் கழற்ற வேகம் கூடும். கன்சோலில் அநேகமாய்க் கம்பெனி வைத்ததுதான் வைத்தது. நான் லாரிக்குப் பாடி கட்டுகிறவன். என் வண்டி இவ்வளவு மைலேஜ் தருது என்று நாமக்கல் டீக்கடையில் ஒருத்தர் சொல்லிப் பார்க்கட்டும். டீ ஆறுவதற்குள் பத்துப் பேர் கேட்பார்கள், லோடு வண்டியிலயா, லோடு இல்லாத எம்டி வண்டியிலயாங்க? லாரிக்குக் கேட்பவர்கள் கம்ப்யூட்டருக்குக் கேட்க வேண்டாமா? உள்ளே என்ன பாகம் போட்டீர்கள் என்று கேட்க வேண்டாமா? எதைக் கழற்றினீர்கள் என்று கேட்க வேண்டாமா? எம்டி வண்டியை ஓட்டிக் காட்டிவிட்டு லோடு வண்டியை ஏளனம் செய்வதுதான் ஒப்பீடா?

இன்னொன்றையும் பார்த்தேன். மழையில் ஒரு மரப்பாலத்தைக் கடக்கும் கட்டம் வரும் முன்பே தலைவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நேரமாச்சுங்க பூபதி" என்றார். நேரம் ஆகவில்லை, கூட்ட முடிவில் தரவிருந்த கேசரி இன்னும் வெந்துகொண்டிருந்தது.

அந்தப் பாலம்தான் ஒரு குடும்பத்தின் பிழைப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் கேம் சென்டர் வைத்திருக்கும் சத்யபிரியாவை உங்களுக்குத் தெரியும். அவர் கன்சோல்களில் அந்தப் பாலம் வந்தாலே படம் திக்கும், வேட்டைக்காரன் ஆற்றில் விழுவான். செயல்விளக்கம் பார்த்தவர்கள் என்ன பேசினார்கள்? "கம்ப்யூட்டர்ல எப்படி ஓடுது பாரு. அந்தப் புள்ள ஓட்டைப் பெட்டியை வெச்சு ஊரை ஏமாத்துது" என்றார்கள். அந்தச் சொல் பரவியது. கடைக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. சத்யபிரியா இந்த மாதத்தோடு கடையைப் பூட்டிவிடுவதாக இருந்தார்.

ஆகவே நான் இன்று வந்ததே, கம்ப்யூட்டரை இந்த ஒப்பீட்டிலிருந்து அடியோடு தள்ளுங்கள் என்று முழங்கத்தான். ஆனால் மண்டப வாசலில் சத்யபிரியா என்னை நிறுத்தினார்.

"அண்ணா, அதைத் தள்ளிடாதீங்க."

"ஏனம்மா, உன் பிழைப்பைக் கெடுத்ததே அதுதானே?"

"கெடுத்தது கம்ப்யூட்டர் இல்லீங்க, பாதியில நிறுத்துன ஆளு. என் பெட்டி ஓட்டையா, இல்ல அந்த ஆட்டத்தையே கோளாறா செஞ்சிருக்காங்களான்னு எப்படித் தெரியும்? இருக்கறதுலயே பலமான அந்தக் கம்ப்யூட்டரும் அந்தப் பாலத்துல ஏறிப் பாக்கட்டுமுங்க. அது தாண்டிப் போச்சுன்னா நானே பூட்டிக்கறேன்."

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், கம்ப்யூட்டரை விலக்கு என்ற என் சொந்தக் கட்சியைச் சந்தேகப்படவே இல்லை.

தலைவர் அவர்களே, மூன்று திரையும் மேடையிலேயே இருக்கின்றன. நிழலையும் புல்லையும் திரும்பப் போடுங்கள். பாலத்தில் ஏற்றுங்கள்.

என்னங்க? நேரமில்லீங்களா? கூட்டத்தைக் கேப்போம். நேரம் இருக்குதுங்களா? கேட்டுச்சுங்களா தலைவரே? சத்யபிரியா, மேலே வா சாமி. நீயே ஓட்டு.

முன்வரிசையில எழுந்து நிக்கற அபிநயா அம்மா, கொஞ்சம் உட்காருங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது.

முதல் கன்சோல் ஏறுகிறது. நடுப்பாலம். திக்கியது, பார்த்தீர்களா? இரண்டாவது கன்சோல். பாலத்தில் அதே இடம், அதே திக்கல். இப்போது தலைவர் கடைக் கம்ப்யூட்டர். மழை பெய்கிறது, நிழல் விழுகிறது, ஏறுகிறான், நடக்கிறான்...

திக்கிருச்சுங்க. அதே இடம்.

கைதட்டல் இருக்கட்டும், கேளுங்கள். பெட்டி மீது பழி போட்டோமே, பெட்டியா குற்றவாளி? பெண் மீது பழி போட்டோமே, பெண்ணா குற்றவாளி? ஆட்டத்தை அரைகுறையாய்ச் செய்து அனுப்பியவன் எங்கோ இருக்கிறான், நாம் அடுத்த தெருவில் கேம் சென்டர் நடத்துகிறவரைத் தூற்றிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் இல்லாமல் இருந்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. கம்ப்யூட்டர் முழு உண்மையும் சொல்லாமல் முதலிடம் வாங்கியிருந்தால்? அப்போதும் தெரிந்திருக்காது.

எனவே என் திருத்தம் இதுதான். கன்சோலோடு ஓடிப் பரிசு வாங்கும் போட்டியாளராய்க் கம்ப்யூட்டர் வேண்டாம். பக்கத்தில் நின்று உள்ளதைச் சொல்லும் சாட்சியாய் வரட்டும். உள்ளே என்ன பாகம், எதை ஏற்றினார்கள், எதைக் கழற்றினார்கள் என்று பலகையிலேயே எழுதிவிட்டு வரட்டும். பாலம் வரைக்கும் அல்ல, பாலம் தாண்டியும் வரட்டும்.

கை தூக்குகிறவர்கள் தூக்கலாம். தலைவர் கையும் பாதி உயர்ந்திருக்கிறது. தலை சொறியவா, ஆதரிக்கவா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். முழுசா தூக்குங்க அண்ணா. அப்படித்தான்.

 சத்யபிரியாவிடம் மைக்கை நீட்டுகிறேன். சரி, ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறாராம்.

"காலையில கடை தொறந்திருக்குமுங்க."

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், எழுந்து போகாத தாய்மாருக்கும், கடைசி வரை மைக்கை அணைக்காத நல்லவருக்கும் என் நன்றி. போய்ட்டு வாரேனுங்க, வணக்கம்.