எட்டு ஜிபியும் பாறை மீன் தலையும்

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எனக்கு எப்போதும் வால் பக்கத்துத் துண்டுதான் வரும் என்பதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை, மாமா. வாலிலும் சதை உண்டு. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

துறைமுகப் பாதுகாப்பில் முப்பது வருடம் வாக்குமூலம் எழுதிய கை உங்களுடையது. இந்தத் தாளைக் கண்டெய்னர் யார்டு மேனேஜரிடம் காட்டினால்தான் உங்கள் மகன் ரெக்ஸுக்குப் பழையபடி க்ரேன் ஓட்டும் வேலை கிடைக்கும் என்கிறீர்கள். அதனால் எதையும் மறைக்கப்போவதில்லை.

சட்டம் போட்டது நீங்கள். மாடியில் ரெக்ஸ், கீழே நான், இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு வயர். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் கார் பந்தயம். திரேஸ்புரம் கடற்கரையில் நீங்களே பார்த்து வாங்கி வரும் பாறை மீனின் தலை, ஜெயித்தவனுக்கு. பதினான்கு மாதம் ரெக்ஸ்தான் தலை சாப்பிட்டான். என் மனைவி ஜெனோவா, தம்பியின் தட்டில் தலையை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் நல்லவள்.

ஆகஸ்டில் தூசி தட்டித் தரச் சொல்லி ரெக்ஸ் தன் கம்ப்யூட்டரை என் சர்வீஸ் கடையில் கொடுத்தான். தூசி தட்டினேன். உள்ளே இருந்த எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதே கம்பெனியின் பழைய இரண்டு ஜிபி கார்டை மாட்டினேன். கழற்றியதைச் சும்மா வைத்தால் வீணாகப் போகும் என்று என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டேன்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தக் கார்டில் சொந்தமாக ஒரு நினைவகம் உண்டு. பந்தயத்தில் தெரியும் ரோடு, மரம், சுவர், எல்லாவற்றின் படமும் அதில் தயாராக இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் மீதிப் படங்கள் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்தில் போய்க் கிடக்கும். வேண்டும்போது அங்கிருந்து எடுத்து வர நேரமாகும். யார்டு நிரம்பிவிட்டால் கண்டெய்னர் லாரிகள் பைபாஸில் வரிசையாக நிற்குமே, அப்படி. நேர் ரோட்டில் அவ்வளவாகத் தெரியாது. வளைவில்தான் புதுப் படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். அப்போது திரை அரை விநாடி உறைந்து நிற்கும். கார் நிற்காது.

படத் தரத்தைக் குறைத்து வைத்தால் இரண்டு ஜிபியிலும் ஓரளவு நன்றாகவே ஓடும். அது எனக்குத் தெரியும். உச்சத்தில் வைத்தேன். மச்சினனுக்கு மங்கலான படம் காட்ட மனம் வரவில்லை.

முதல் ஞாயிறே மூன்றாவது வளைவில் ரெக்ஸ் சுவரில் மோதினான். படியிறங்கி வந்து, "அத்தான், வளைவுல ரோடு நின்னு நின்னு வருது" என்றான்.

"ரோடு எங்கலே நிக்கும்? க்ரேன்ல உக்காந்து உக்காந்து கண்ணக் கெடுத்து வச்சிருக்க. டாக்டர்ட்ட காட்டு" என்றேன்.

அக்கறையில்தான் சொன்னேன். டாக்டரிடம் நானே பைக்கில் கூட்டிப் போனேன். கண்ணில் குறையே இல்லை என்றார் அவர். இன்னொரு டாக்டரைப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அவர் சொட்டு மருந்து கொடுத்தார். ஐந்து ஞாயிறு நான் தலை சாப்பிட்டேன். கண்ணுக்கு நல்லது என்று ஜெனோவா தம்பிக்கு முருங்கைக்கீரை வைத்தாள்.

ரெக்ஸ் நேர்மையானவன். "முப்பது டன் பெட்டியத் தூக்குதேன் அத்தான். கீழ ஆளுக நிக்காங்க. ரோடே தெரியாதவனுக்கு ஆளு தெரியுமா?" என்று கேட்டான். மறுநாள், தன்னைக் க்ரேனிலிருந்து இறக்கிவிடும்படி மேனேஜருக்குக் கடிதம் எழுதினான். என்னிடம் காட்டினான். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன்.

இப்போது அவன் வெயிலில் நின்று கண்டெய்னர் சீல் நம்பர் குறிக்கிறான். கறுத்துப் போனான். கீழே வேலை செய்தால் நல்ல காற்று கிடைக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

எல்லாம் அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது ஞாயிறு ரெக்ஸ் ஜெயித்துவிட்டான். எப்படிலே என்று கேட்டேன். "கண்ண நம்பல அத்தான். ஒவ்வொரு வளைவுக்கும் ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே திருப்புனேன்" என்றான். தலை அவன் தட்டுக்குப் போனது.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு, அந்த இரண்டு ஜிபிக்குப் பதிலாக மாட்ட ஒரு ஜிபி கார்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஈரத்துணி காயப்போட வந்த ஜெனோவா என்னையும் ஸ்க்ரூ டிரைவரையும் கையிலிருந்த கார்டையும் பார்த்தாள்.

"என்ன செய்யுதீங்க?"

"தூசி தட்டுதேன்."

அவள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு நேரே கீழே போய் என் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ரெக்ஸ் புதிதாகக் கார்டு வாங்கியபோது மணப்பாடு கோயிலின் சிலுவை ஸ்டிக்கர் ஒன்றை அதில் ஒட்டியிருந்தான். எனக்கு அது தெரியும். புனிதமான பொருள் என்பதால் கிழிக்காமல் விட்டிருந்தேன். ஜெனோவா அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உங்களைக் கூப்பிட்டாள்.

ஆகவே கார்டை மாற்றியது நான். கண்ணில் நோய் என்று நம்ப வைத்தது நான். கடிதத்தைத் திருத்தியதும் நான். யார் தூண்டுதலும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் எட்டு ஜிபி, அவனிடம் இரண்டு. அவன் கண்ணில் தேவையில்லாத சொட்டு மருந்து வேறு. அப்படியும் கடைசிப் பந்தயத்தில் எனக்கு அரைச் சுற்று முன்னால் போய்ச் சேர்ந்தான். நிதானமாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். என் கம்ப்யூட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ரெக்ஸைக் கொஞ்சம் கூப்பிட்டு விசாரியுங்கள், மாமா.